தாம்பரத்து மழை பூமியை அசைக்குமா?

2023 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. மிக்ஜாம் புயல் கரை கடந்து மூன்று நாளாகியும் பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் சில தெருக்களில் தண்ணீர் வடியவில்லை. அன்று காலை 7.39 மணிக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் நிலநடுக்கம் பதிவானதாகத் தேசிய நிலநடுக்கவியல் மையம் அறிவித்தது. ரிக்டர் அளவில் 3.2, ஆழம் 10 கிலோமீட்டர். இந்த அளவுள்ள அதிர்வு மிகச் சிறியது. மிகப் பக்கத்தில் இருப்பவர்கள் தவிர யாரும் பொதுவாக உணர்வதில்லை. சேதம் எதுவும் இல்லை. ஆனாலும் நான்கு நாள் முன்புதான் தாம்பரம் முதல் பெருங்குடி வரை அடைமழையில் மூழ்கியிருந்தது. இவ்வளவு தண்ணீர் இறங்கினால் பூமி அசையாதா என்ற கேள்வி எழுவது இயல்பு.

இது மூடநம்பிக்கையில் பிறந்த கேள்வி அல்ல. உலகத்தில் சில இடங்களில் கனமழைக்குப் பிறகு சிறு நிலநடுக்கங்கள் கூட்டம் கூட்டமாக வந்திருக்கின்றன. கருவிகள் அதைப் பதிவு செய்திருக்கின்றன, ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். மழை நிலநடுக்கத்தைத் தூண்ட முடியும். எங்கே, எவ்வளவு, எத்தனை நாள் கழித்து என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தென்சென்னைப் புறநகரைப் பொறுத்தவரை என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே மழையால் நிலநடுக்கம் வரும் என்று பயப்படக் காரணம் மிகக் குறைவு. மழையில் ஊறிய மண்ணின்மீது, வேறெங்கோ பிறந்த நிலநடுக்கம் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கத்தான் காரணம் நிறைய இருக்கிறது.

முதலில் எடையைப் பார்ப்போம். பலருக்கும் தோன்றுவது அதுதான்: இத்தனை தண்ணீரின் பாரம் பூமியை அழுத்தாதா?

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. பக்கத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. அடையாறு கரை உடைத்துக்கொண்டு ஓடிய அந்த இரவை இந்தப் பக்கத்து மக்கள் யாரும் மறந்திருக்க முடியாது. அந்த 49 செ.மீ. தண்ணீரில் ஒரு சொட்டுகூட ஓடாமல் அப்படியே நின்றிருந்தால் ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மீது 490 கிலோ. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று மண்டலமே ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 10 டன் எடையுடன் அழுத்திக்கொண்டிருக்கிறது. மழையின் பாரம் அதில் இருபதில் ஒரு பங்கு. புயல் நெருங்கும்போது காற்றழுத்தம் இறங்குவதால் அந்த 10 டன்னிலேயே நூறு, இருநூறு கிலோ குறைந்துவிடவும் செய்கிறது.

நிலநடுக்கம் பிறப்பது தரையில் அல்ல, சில கிலோமீட்டர் ஆழத்தில். ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் பாறையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் மேலே உள்ள பாறையின் 13,000 டன்னுக்கு மேற்பட்ட எடையைச் சுமக்கிறது. அதற்குமுன் அரை டன் எம்மாத்திரம்? இன்னொரு கணக்கும் உண்டு. நிலவும் சூரியனும் கடலை மட்டும் இழுப்பதில்லை, கெட்டியான தரையையும் இழுக்கின்றன. நாம் நிற்கும் நிலம் தினமும் இருமுறை பத்து, இருபது, சில நாட்களில் முப்பது செ.மீ. வரைகூட ஏறி இறங்குகிறது. அதனால் ஆழத்துப் பாறையில் ஏற்படும் அழுத்த மாற்றம், 2015-இன் அந்த மழை கொடுத்த அழுத்தத்துக்கு ஏறக்குறைய சமமான வரிசையில் இருக்கிறது. தினமும் இருமுறை தாங்குவதை ஒரு நாள் மழைக்காகப் பாறை விட்டுக்கொடுத்துவிடாது.

எடை என்றால் அணைக்கட்டுகளைச் சொல்லலாம். செம்பரம்பாக்கம் ஏரி முழுதும் நிறைந்தால் 24 அடி ஆழம், சுமார் 3.6 டிஎம்சி. மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் உள்ள கொய்னா அணை 103 மீட்டர் உயரம், கொள்ளளவு 100 டிஎம்சிக்கு மேல். அணையில் 1962-இல் தண்ணீர் தேக்கத் தொடங்கினார்கள். அதன்பிறகு அந்தப் பக்கத்தில் சிறு அதிர்வுகள் ஆரம்பித்தன. 1967 டிசம்பர் 11 அதிகாலை 6.3 அளவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. ஏறத்தாழ 180 பேர் இறந்தார்கள். அணைநீரால் தூண்டப்பட்டதாக உலகம் அறிந்த நிலநடுக்கங்களில் இதுதான் மிகப் பெரிது என்று இன்றும் கருதப்படுகிறது. ஹர்ஷ் குப்தா போன்ற நிலநடுக்கவியலாளர்கள் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ஒரு வட்டாரத்தை ஆராய்வதில் செலவிட்டார்கள். அரசு அங்கே மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டுப் பார்த்திருக்கிறது. கொய்னாவில் அதிர்வுகள் வருடம் முழுதும் ஒரே சீராக வருவதில்லை. பருவமழையில் அணை நிரம்பி முடிக்கும் செப்டம்பர் வாக்கிலும், பின்பு நீர்மட்டம் இறங்கும் டிசம்பர் வாக்கிலும் கூடுகின்றன. அணை கட்டியதன் விளைவுதான் என்றாலும், அதன் கடிகாரத்தை ஓட்டுவது மழை.

ஆனால் கொய்னாவிலும் எடை மட்டும் காரணமில்லை. தண்ணீர் பாறைக்குள் போய்ச் செய்யும் வேலைதான் முக்கியம்.

பூமிக்குள் பழைய பிளவுகள் ஏராளம். பிளவின் இரு பக்கத்துப் பாறைகளும் ஒன்றையொன்று உரசி நகரப் பார்க்கின்றன. மேலிருந்தும் பக்கவாட்டிலும் வரும் பெரும் அழுத்தம் இரண்டையும் இறுக்கிப் பிடித்து நகரவிடாமல் வைத்திருக்கிறது. அந்தப் பிளவுக்குள் தண்ணீர் இருந்து, அதன் அழுத்தமும் கூடினால், இறுக்கிப் பிடிக்கும் விசைக்கு எதிராக அது உள்ளிருந்து தள்ளுகிறது. கனமான பீரோவை ஒரு ஆள் தள்ளிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பிடித்தால் சட்டென்று நகர்ந்துவிடும், அப்படி. தள்ளியது வேறு விசை. அது வருடக்கணக்காக, சில இடங்களில் நூற்றாண்டுக்கணக்காகத் தள்ளிக்கொண்டிருந்தது. தண்ணீர் பிடியைத் தளர்த்தியது, அவ்வளவுதான். ஆகவே எந்தப் பிளவு ஏற்கெனவே நகரும் தறுவாயில் இருக்கிறதோ அதைத்தான் தண்ணீர் அசைக்க முடியும். மழையால் மட்டுமே நிலநடுக்கத்தை உண்டாக்க முடியாது, வரவிருந்ததை முன்கூட்டி வரவழைக்க முடியும்.

இதை மனிதர்கள் தெரியாமலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் டென்வர் நகருக்கு அருகில் ஒரு ராணுவத் தொழிற்சாலை தன் ரசாயனக் கழிவுநீரை 3,600 மீட்டருக்கு மேல் ஆழமான கிணற்றில் 1962 முதல் செலுத்தியது. நிலநடுக்கமே அபூர்வமாக இருந்த அந்தப் பகுதி அடிக்கடி அதிரத் தொடங்கியது. கழிவுநீர் செலுத்திய மாதங்களுக்கும் அதிர்வு வந்த மாதங்களுக்கும் பொருத்தம் இருப்பதை டேவிட் எவன்ஸ் என்ற நிலவியலாளர் 1965-இல் எடுத்துக்காட்டினார். 1966-இல் கிணற்றை நிறுத்தினார்கள். ஆனால் பெரிய அதிர்வுகள் 1967-இல் வந்தன. உள்ளே போன அழுத்தம் பாறை வழியே பரவிக்கொண்டே இருந்தது. இந்தத் தாமதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டுக்கு வரும்போது தேவைப்படும்.

மழை நேரடியாக இதே வேலையைச் செய்ததற்கு மிகத் தெளிவான சாட்சி ஜெர்மனியின் தென்கோடியில், ஆஸ்திரிய எல்லையில் இருக்கும் ஹோக்ஸ்டாவ்ஃபன் மலை. அது சுண்ணாம்புக்கல் மலை. உள்ளே வெடிப்பும் குகையுமாக, பெய்யும் மழையைக் கீழே இறக்கிவிடும் அமைப்பு. 2002-இல் மார்ச்சிலும் ஆகஸ்டிலும் அங்கே கனமழை கொட்டியது. அந்த ஆண்டில் 1,100-க்கு மேற்பட்ட நிலநடுக்கங்கள் பதிவாயின. எல்லாம் சிறியவை, பெரும்பாலானவை மனிதர் உணர முடியாதவை. மலையைச் சுற்றி நல்ல கருவிகள் இருந்ததால் ஒவ்வொன்றின் ஆழமும் நேரமும் தெரிந்தது. மழை பெய்து சுமார் பத்து நாள் கழித்து, நான்கு கிலோமீட்டர் ஆழம் வரை அதிர்வுகள் கூடின. மேலிருந்து கீழே நீர் அழுத்தம் பரவும் வேகத்தைக் கணக்கிட்டால் அது இந்தத் தாமதத்தோடு பொருந்தியது. சுவிட்சர்லாந்தில் 2005 ஆகஸ்டில் மூன்று நாளில் 300 மி.மீ.க்கு மேல் பெய்தபோது மூவோட்டா பள்ளத்தாக்கில் இதேபோல் சிறு அதிர்வுகள் வரிசையாக வந்தன. அதுவும் சுண்ணாம்புக்கல் நாடுதான்.

சுண்ணாம்புக்கல் ஏன் முக்கியம்? மழை 30 செ.மீ. பெய்தால் நிலத்தடியில் நீர்மட்டம் 30 செ.மீ. மட்டும் ஏறும் என்பதில்லை. பாறையின் பருமனில் நூற்றில் ஒரு பங்குதான் வெடிப்பு என்றால், உள்ளே போன தண்ணீர் நிற்க வேறு இடமில்லாமல் அந்த வெடிப்புகளில் பல மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடும். ஒவ்வொரு மீட்டர் ஏற்றமும் கீழே உள்ள நீரின்மீது சதுர மீட்டருக்கு ஒரு டன் கூடுதல் அழுத்தம். மலை முழுதும் பெய்த மழை சில வாய்கள் வழியே உள்ளே இறங்கினால் இன்னும் கூடும். தரையில் சிறிதாகத் தெரியும் மழை, பாறையின் வெடிப்புக்குள் பெரிதாகிவிடுகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். தாம்பரத்தின் அடியில் என்ன இருக்கிறது?

பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், தாம்பரம் சானடோரியத்தின் பச்சைமலை, வண்டலூர்க் குன்றுகள் எல்லாம் ஒரே இனத்துப் பாறை. சார்னோக்கைட். கொல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் இந்தப் பாறைதான் என்பதால், இந்திய நிலவியல் துறையின் ஹாலந்து 1893-இல் அவர் பெயரையே இதற்கு வைத்தார். பரங்கிமலைப் பகுதி இந்தப் பாறையின் மூல இடம் என்ற பெருமையுடன் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், பூமியின் மிக ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவான பாறை. கெட்டியானது, நுண்துளை இல்லாதது.

இந்தப் பாறையை நம் பகுதியில் நன்றாக அறிந்தவர்கள் போர் போடுகிறவர்கள். சேலையூரிலோ ராஜகீழ்ப்பாக்கத்திலோ போர் வண்டி நிற்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும். முதலில் மண் வரும், பிறகு கையால் நசுக்கினால் உதிரும் மக்கிய பாறை. அதுவரை கேசிங் பைப் இறக்குவார்கள். அதற்குக் கீழே பாறை தட்டியதும் சத்தமே மாறிவிடும். கம்ப்ரசர் ஊதும் காற்றில் நீலச் சாம்பல் நிறத்தில் மாவு போன்ற தூள் பறக்கும், தெருவெல்லாம் படியும். நனைவே இல்லாத, காய்ந்த தூள். ஐம்பது அடி, நூறு அடி அப்படியே போகும். திடீரென்று ஓரிடத்தில் தூள் சேறாகும், தண்ணீர் பீய்ச்சும். வெடிப்பு ஒன்றைத் துளை தொட்டுவிட்டது. கொஞ்சம் கீழே போனால் மறுபடி காய்ந்த தூள். பக்கத்து மனையில் அதே ஆழத்தில் போட்டால் ஒரு சொட்டும் இல்லாமல் போகலாம்.

சார்னோக்கைட்டில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம். மேலே மக்கிய பாறையில் இருக்கிறது. கீழே அங்கொன்றும் இங்கொன்றுமான வெடிப்புகளில் இருக்கிறது. ஆழம் போகப்போக வெடிப்புகள் குறைந்து இறுகிவிடுகின்றன. மாங்காட்டுப் பக்கம் சிக்கராயபுரத்தில் கைவிட்ட கல்குவாரிகள் மழைநீரைத் தொட்டி போலப் பிடித்து வைத்திருந்ததால்தான் 2017 வறட்சியில் அங்கிருந்து சென்னைக்குக் குடிநீர் எடுக்க முடிந்தது. பாறை தண்ணீரை உள்ளே விட்டிருந்தால் அந்தக் குளங்கள் அப்படி நின்றிருக்காது. அது போக, புறநகரில் பெய்யும் மழையில் எவ்வளவு உள்ளே இறங்குகிறது? தார்ச்சாலை, சிமென்ட் முற்றம், காம்பவுண்டுக்குள் காம்பவுண்டாக வீடுகள். 2015-இன் மழையில் பெரும்பகுதி அடையாறு வழியாகவும் பள்ளிக்கரணை, ஒக்கியம் மடுவு வழியாகவும் இரண்டு மூன்று நாளில் கடலுக்குப் போய்விட்டது. நாம் பட்ட துன்பமே அது உள்ளே இறங்காமல் மேலே ஓடியதால்தான்.

செங்கல்பட்டு அதிர்வை இப்போது மறுபடி பார்க்கலாம். மழை 3, 4 தேதிகளில். அதிர்வு 8-ஆம் தேதி காலை. இடைவெளி நான்கு நாள்.

நீர் அழுத்தம் பரவுவதற்கு ஒரு விதி உண்டு: ஆழம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். ஹோக்ஸ்டாவ்ஃபனில், அவ்வளவு வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லிலேயே, நான்கு கிலோமீட்டருக்குச் சுமார் பத்து நாள். அதே பாறையில் பத்து கிலோமீட்டர் என்றால் இரண்டு மாதம். இறுகிய சார்னோக்கைட்டில் அதற்கும் பல மடங்கு. மிக்ஜாமின் தண்ணீர் நான்கு நாளில் பத்து கிலோமீட்டர் ஆழத்தில் வேலை செய்திருக்க வழியில்லை. ஒரு விஷயம் நியாயமாகச் சொல்ல வேண்டும்: அறிவிப்புகளில் வரும் 10 கி.மீ. என்ற ஆழம் பல சமயம் அளந்த எண் அல்ல. பக்கத்தில் போதிய கருவிகள் இல்லாதபோது கணக்கீட்டில் வைத்துக்கொள்ளும் எண் அது. உண்மை ஆழம் குறைவாகவும் இருக்கலாம். இருந்தாலும் நான்கு நாளில் அழுத்தம் எட்டக்கூடிய ஆழம் சுண்ணாம்புக்கல்லிலேயே இரண்டரை கிலோமீட்டர்தான். எடை உடனே அழுத்தும், ஆனால் அது சொற்பம். அழுத்தம் வலுவானது, ஆனால் அதற்கு நாளாகும். நான்கு நாள் இடைவெளி இரண்டிலும் சேரவில்லை.

அன்று காலையே இன்னொரு பாடமும் கிடைத்தது. அதே இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கர்நாடகத்தின் விஜயபுராவில் 3.1, மேகாலயத்தின் ஷில்லாங் பக்கம் 3.8, குஜராத்தின் கட்ச் பக்கம் 3.9 என்று நிலநடுக்கங்கள் பதிவாயின. கட்ச் பக்கம் மிக்ஜாம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று அளவில் உள்ள அதிர்வுகள் இந்த நாட்டில் எங்காவது வந்துகொண்டே இருக்கின்றன. நம் பக்கத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். அந்த மூன்று மாதத்தில் வரும் எந்த அதிர்வும் ஏதோ ஒரு மழைக்குச் சில நாள் பின்னால்தான் இருக்கும். முன்னும் பின்னும் வந்ததால் காரணமும் காரியமும் ஆகிவிடாது. ஹோக்ஸ்டாவ்ஃபனில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அதிர்வுகளையும் தினசரி மழையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. ஒரே ஒரு அதிர்வை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட முடியாது.

தமிழ்நாட்டில் மழைக்கும் அதிர்வுக்கும் தொடர்பு தேட வேண்டிய இடம் என்று ஒன்றைச் சொல்வதானால் நான் வேலூர்ப் பக்கத்தைச் சொல்வேன். 2021 நவம்பரில் அங்கே அளவுக்கு மீறிப் பெய்தது. பல காலம் வறண்டு கிடந்த பாலாற்றில் இரு கரை தொட்டு வெள்ளம் வந்தது. நவம்பர் 29 அதிகாலை வேலூருக்கு மேற்கே 3.6 அளவில் நிலநடுக்கம், டிசம்பர் 23 பிற்பகல் மறுபடி 3.5. அதே டிசம்பரில் எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் சிக்கபள்ளாபுராவிலும் சிறு அதிர்வுகள் தொடர்ந்தன. அங்கே அறிவியலாளர்கள் கனமழைத் தண்ணீர் பாறை வெடிப்புகளில் இறங்கியதைக் காரணமாகச் சுட்டினார்கள். மும்பைக்கு வடக்கே பால்கரில் 2018 நவம்பரில், பருவமழை ஓய்ந்தபின் தொடங்கிய சிறு அதிர்வுக் கூட்டத்துக்கும் இப்படி ஒரு விளக்கம் முன்வைக்கப்பட்டது. வேலூரில் வாரக்கணக்கான இடைவெளி, ஒன்றுக்கு மேற்பட்ட அதிர்வுகள், ஒரே வட்டாரம் என்று அடையாளங்கள் கொஞ்சம் பொருந்துகின்றன. நிரூபணம் என்று சொல்லிவிட மாட்டேன். ஆராய வேண்டிய இடம் என்பேன். அங்கே பத்துக் கருவிகளை நிரந்தரமாக வைப்பது பெரிய செலவில்லை.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 2021 நவம்பர் 19 அன்று அதே வேலூர்ப் பக்கத்தில், பேரணாம்பட்டில் மழையில் ஊறிய சுவர் இடிந்து வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஒன்பது பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகள் நான்கு பேர். நிலநடுக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

மழை எப்போதும் அதிர்வைக் கூட்டும் என்றும் இல்லை. நேபாளத்தில் கோடை மழைக்காலத்தைவிடக் குளிர்காலத்தில்தான் சிறு நிலநடுக்கங்கள் அதிகம். மழைக்காலத்தில் கங்கைச் சமவெளியில் தேங்கும் தண்ணீரின் பாரம் இமயமலைப் பிளவுகளைத் தற்காலிகமாக இறுக்கிப் பிடிக்கிறது, தண்ணீர் வடிந்ததும் பிடி தளர்கிறது என்று விளக்குகிறார்கள். அங்கே எடை கணக்கில் வருகிறது, ஏனென்றால் அந்தத் தண்ணீர் ஒரு ஊரளவு அல்ல, ஒரு நாட்டளவு பரந்து மாதக்கணக்கில் நிற்கிறது.

சரி, சென்னையை உண்மையில் அசைத்த நிலநடுக்கங்கள் எவை? 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் 5.5 அளவில் வந்தது. சென்னையில் மக்கள் வீட்டை விட்டுத் தெருவுக்கு ஓடிவந்தார்கள். செங்கல்பட்டின் 3.2-ஐவிட அது வெளியிட்ட ஆற்றல் ஏறக்குறைய 2,800 மடங்கு. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே வந்த 8.6. 2019 பிப்ரவரியிலும் 2021 ஆகஸ்டிலும் வங்கக் கடலில் வந்த 5 அளவுள்ளவை. எல்லாம் கடலுக்கடியில் பிறந்தவை. எப்போதும் ஆயிரக்கணக்கான மீட்டர் தண்ணீரைச் சுமக்கும் கடல்தரைக்கு நம் மழை ஒரு பொருட்டே அல்ல. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே வந்தது 2001-இன் அதிர்வு. தமிழ்நாட்டு நிலத்தில் அறியப்பட்டவற்றுள் பெரியதான கோயம்புத்தூர் நிலநடுக்கம், சுமார் 6 அளவுள்ளது, 1900 பிப்ரவரி 8-இல் வந்தது. பிப்ரவரி என்பது மழை முடிந்து இரண்டு மாதம், அழுத்தம் இறங்கக் காலம் இருந்ததே என்று யாராவது வாதிடலாம். வாதிடலாம்தான், ஆனால் ஒரே நிகழ்ச்சியை வைத்து எதையும் நிறுவ முடியாது.

கடலில் பிறந்த அதிர்வு தரைக்கு வந்து சேரும்போதுதான் மழை உண்மையாகவே கணக்கில் நுழைகிறது. நம் புறநகரில் மூன்று விதத் தரை இருக்கிறது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் குன்றுகளின் ஓரத்தில் பாறை சில அடியிலேயே தட்டும். அங்கே அதிர்வு பெரிதாகாது. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாகத் தண்ணீர் இறங்கிப் பள்ளிக்கரணையில் சேரும் தாழ்வான பகுதியில், வேளச்சேரி, பெருங்குடி வரை, ஆழமான களிமண். களிமண் அதிர்வைப் பெரிதாக்கும். அதன்மேல் ஏரியைத் தூர்த்துக் கொட்டிய கட்டட இடிபாடும் குப்பையும் சேர்ந்த தரையில் இன்னும் மோசம். மூன்றாவது, கொட்டிவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் கடற்கரை மணல். தளர்வான மணலில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது பலமாகக் குலுக்கினால், மணற்பரல்களுக்கு இடையே உள்ள நீரின் அழுத்தம் ஏறிப் பரல்களின் பிடி விட்டுவிடும். கொஞ்ச நேரம் அந்த மணல் குழம்பாகி, மேலே நிற்கும் கட்டடத்தைத் தாங்காது. 2001 ஜனவரி 26 புஜ் நிலநடுக்கத்தின்போது கட்ச் ரண்ணில் பெரும் பரப்பில் இது நடந்தது. காய்ந்த மணலில் நடக்காது. ஒரே அளவு அதிர்வு மே மாதத்தில் வருவதற்கும் டிசம்பரில் வருவதற்கும் இந்த மூன்று கடற்கரை ஊர்களிலும் வித்தியாசம் இருக்கும். நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் பிளவை எட்ட முடியாத மழை, நான்கு மீட்டர் ஆழத்தில் இருக்கும் அஸ்திவாரத்தை எட்டிவிடுகிறது.

அது எட்டும்போது என்ன ஆகும் என்பதை மிக்ஜாமே காட்டியது. வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் தோண்டியிருந்த ஆழமான கட்டுமானப் பள்ளம் டிசம்பர் 4 அன்று மழையில் சரிந்தது. உள்ளே சிக்கிய இருவரின் உடல்களைச் செங்கல்பட்டு அதிர்வு பதிவான அதே 8-ஆம் தேதிதான் எடுக்க முடிந்தது.

சென்னை நிலநடுக்க வரைபடத்தில் முன்பு இரண்டாம் மண்டலத்தில் இருந்தது. 2002-இல் மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றினார்கள். மிதமான ஆபத்து என்று பொருள். அந்த மாற்றத்துக்குப் பின் கட்டிய கட்டடங்கள் அதற்கேற்ற கம்பி அமைப்புடன் கட்டப்பட்டிருக்க வேண்டும். புறநகரில் நான் அதிகம் கவலைப்படுவது, வெள்ளத்துக்குப் பயந்து கீழ்த்தளத்தைத் தூண்களில் மட்டும் நிறுத்தி, ஸ்டில்ட் பார்க்கிங் என்று காலியாக விட்ட அடுக்குமாடிகளைப் பற்றி. வெள்ளத்துக்கு அது நல்ல ஏற்பாடுதான். அதிர்வுக்கு அந்தத் தளமே பலவீனம், தூண்களைக் கனமாகவும் கம்பியை நெருக்கமாகவும் போட்டு ஈடு செய்யாவிட்டால். புஜ்ஜிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் அகமதாபாத்தில் 2001-இல் விழுந்த அடுக்குமாடிகளில் பல, இப்படிக் கீழ்த்தளம் திறந்த கட்டடங்கள். சபர்மதி ஆற்று வண்டல்மேல் நின்றவை.

வீடு வாங்கும்போது மண் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் விடாமல் கேளுங்கள். அதில் துளையிட்ட தேதியும் அன்று நிலத்தடி நீர் எத்தனை மீட்டரில் இருந்தது என்பதும் குறித்திருக்கும். ஏப்ரலிலோ மேயிலோ எடுத்த அறிக்கையானால் அந்த நீர்மட்டம் மழைக்காலத்துக்குப் பொருந்தாது. பள்ளிக்கரணைப் பக்கத்திலும் கடற்கரையிலும் டிசம்பரில் தண்ணீர் கிட்டத்தட்டத் தரைமட்டத்துக்கே வந்துவிடும். அஸ்திவாரத்தைக் கணக்கிட்ட பொறியாளர் எந்த நீர்மட்டத்தை எடுத்துக்கொண்டார், மணல் குழம்பாகும் வாய்ப்பைச் சரிபார்த்தாரா என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.